வலி, பத்துக்கு எவ்வளவு?

போன வாரம் பாடாலூரில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மகப்பேறு விடுப்புக் காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டாயிற்று. பிள்ளைக்குப் பால் நேரம் வருவதற்குள் குன்னம் போய்ச் சேர வேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவராம். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர். ஆறு வாரமாக என்னைக் காணோமே, எழுதுவதை நிறுத்திவிட்டேனா என்று அக்கறையாகக் கேட்டார்.

"உடம்பு சரியில்லைங்க" என்றேன்.

"என்ன உடம்புக்கு?"

"...காய்ச்சல்."

பாவம், நம்பிவிட்டார். ஒரு கஷாயத்துக்குப் பக்குவமும் சொல்லிவிட்டுத் திருச்சி பஸ்ஸில் ஏறிப் போனார்.

முழுப் பொய் இல்லை. காய்ச்சல் வந்தது உண்மைதான். எதனால் வந்தது என்பதைத்தான் விழுங்கிவிட்டேன். பஸ்ஸில் சீட் கிடைத்து உட்கார்ந்ததும் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பக்கத்தில் நான் எதை எழுதாமல் விட்டிருக்கிறேன்? பல் பிடுங்கியதை எழுதியிருக்கிறேன். தலையில் பேன் வந்ததை எழுதியிருக்கிறேன். குதிகால் வெடிப்புக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். இதை மட்டும் ஏன் சொல்ல வாய் வரவில்லை?

சரி, சொல்லிவிடுகிறேன். எனக்குக் குழந்தை பிறந்தது. பால் கொடுக்கிற மார்புக் காம்பு இரண்டும் வெடித்துப் புண்ணாகிவிட்டது. அதில்தான் காய்ச்சல்.

அவ்வளவுதான் விஷயம். கத்தரிக்காய்க்குக் காம்பு உண்டு, வெற்றிலைக்குக் காம்பு உண்டு. சந்தையில் உரக்கச் சொல்லலாம். பெண்ணுக்கு என்று வரும்போது மட்டும் அதற்குப் பெயர் "அங்க". எங்க வலிக்குது? அங்கதான். அங்கன்னா எங்க? ...அங்கதாங்க.

இத்தனைக்கும் நான் பதினான்கு வருஷமாக விலங்கியல் டீச்சர். பாலூட்டிகளின் பொதுப் பண்புகள் - வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். திமிங்கிலம் எப்படிப் பால் கொடுக்கும் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். நான் எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

இது எனக்கு இரண்டாவது குழந்தை. மூத்தவளுக்குப் பதினோரு வயது. அவள் பிறந்தபோதும் இதே வலி வந்தது. இரண்டாவது வாரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன், மூன்றாவது வாரத்தில் பவுடர் பாலுக்கு மாறிவிட்டேன். அதனால் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்று ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள், வாயாடுவதில் என்னையே முந்துகிறாள். பவுடர் பால் கொடுத்த அம்மாக்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ளாதீர்கள். அவரவர் நிலைமை அவரவருக்கு.

ஆனால் இந்த முறை நிலைமை வேறு. சின்னவள் ஏழு வாரம் முன்னதாகவே வந்துவிட்டாள். ஒரு கிலோ அறுநூறு கிராம். என் கணவரின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைதான் அவள் நீளம். பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில், பச்சிளங்குழந்தைகள் வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய். அந்தக் குழாய் வழியாகத்தான் பால் போக வேண்டும்.

டாக்டரம்மா என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். இவ்வளவு சின்னப் பிள்ளையின் வயிறும் குடலும் இன்னும் பக்குவப்படவில்லை. தாய்ப்பால்தான் அதற்கு ஒத்துப்போகும், நோய் அண்டாமலும் காக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை தானே சப்பிக் குடிக்க இன்னும் நாளாகும்.

பெட்டிக்குள் கை விட்டுத் தொடலாம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் டாக்டரும் நர்ஸுகளும் மெஷினும் பார்த்துக்கொள்கிற வேலை. என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. பால்.

அதை விட்டுவிடுவேனா?

முதல் நாளே அம்மாக்கள் எல்லோரையும் உட்கார வைத்து, கையால் பால் எடுப்பது எப்படி என்று ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். காரணம் இருந்தது. அந்த நர்ஸ் சுகன்யா. குரும்பலூர்ப் பெண். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நா இருக்கேன் டீச்சர், பயப்படாதீங்க" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. இந்தப் பெண் முன்னால் நான் எப்படி நைட்டியைத் திறப்பேன்? "வகுப்புல பேசாத" என்று இவளை வெளியே நிற்க வைத்தவள் நான்.

அதனால், வகுப்பில் ஒன்றும் புரியாத பிள்ளைகள் எதைச் செய்வார்களோ அதையே செய்தேன். நன்றாகத் தலையாட்டினேன்.

எனக்குக் கையால் எடுக்கிற வேலை எதற்கு? பெங்களூரில் இருக்கிற என் தங்கை, கரன்ட்டில் ஓடும் பம்ப் ஒன்றை அனுப்பியிருந்தாள். புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக், அதை மார்பில் பொருத்த வேண்டும், பட்டனை அழுத்தினால் இழுக்கும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை வேகம். மறைப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, நேராக ஒன்பதில் வைத்தேன். அதிகமாக இழுத்தால் அதிகமாக வரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் பால் நன்றாகவே இறங்கியது. குப்பியை நீட்டும்போது எனக்கு ஒரு பெருமை. ஐந்தாம் நாள் புனலுக்குள் காம்பு சிவந்து, நீண்டு, உரசி உரசி மேல் தோல் போய்விட்டிருந்தது. ஆறாம் நாள் வெடிப்பு விட்டது. மெஷினைப் போட்டதும் முதல் இழுப்பில் கால் விரல்கள் தானாக மடங்கும். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். முப்பது எண்ணினால் கொஞ்சம் மரத்துப்போகும்.

சுத்தமாக இருந்தால் புண் ஆறும் என்று ஒவ்வொரு தடவையும் மருந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். தோல் இன்னும் காய்ந்து, இன்னும் வெடித்தது.

சுகன்யா தினமும் கேட்பாள். "வலி எதுவும் இருக்கா டீச்சர்?"

"இல்லம்மா, நல்லா இருக்கேன்."

ஏழாம் நாள் காலையில் குப்பியில் பால் இளஞ்சிவப்பாக இருந்தது. ரத்தம். இதைப் பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? யாரையும் கேட்கவில்லை. வாஷ்பேசினில் கொட்டிவிட்டேன். முப்பது மில்லி. தண்ணீரைத் திறந்துவிட்டு, அது போன வழியையே பார்த்துக்கொண்டு நின்று அழுதேன். அன்றைக்கு இரண்டு வேளை பிள்ளைக்கு என் பால் போகவில்லை, வேறு ஏற்பாடு செய்தார்கள். பால் சரியாக வரவில்லை என்று சொல்லி வைத்தேன்.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் நிஷா. லப்பைக்குடிகாட்டுப் பெண். இருபத்துமூன்று வயது, அவளுக்கும் இது இரண்டாவது பிள்ளை. கணவர் துபாயில். தினமும் மத்தியானம் வீடியோ காலில் வருவார், இவள் போனைக் கண்ணாடிப் பெட்டிக்கு நேராகப் பிடித்து மகனைக் காட்டுவாள். வார்டில் எல்லோரிடமும் எல்லாவற்றையும் பேசுகிறவள். அவளுக்கு "அங்க" என்ற வார்த்தையே தெரியாது.

அவளுக்குப் பால் தாராளமாக வந்தது. என் பிள்ளைக்கு இரண்டு வேளை குறைந்தது தெரிந்ததும், தன் பாலைத் தரட்டுமா என்று கேட்டாள். "ஆனா ஒண்ணுக்கா. எம் பால உங்க மவ குடிச்சுட்டா, அவளும் எம் மவனும் பால்குடி ஒறவுல கூடப்பொறந்தவங்க ஆயிடுவாங்க. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர முடியாது. பரவால்லையா?" என்றாள். சிரித்துவிட்டேன். அப்படி நேரடியாகக் கொடுக்கக் கூடாது, பரிசோதனை எல்லாம் இருக்கிறது என்று நர்ஸுகள் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

எட்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். உடம்பு அனலாகக் கொதித்தது. குளிர் வேறு தூக்கிப் போட்டது. இடது மார்பு கல்லு மாதிரி இறுகி, ஒரு பக்கம் செக்கச்செவேல் என்று இருந்தது. பால் கட்டிக்கொண்டது என்று புரிந்தது. இனிமேல் முடியாது, டாக்டரம்மா வந்ததும் பவுடர் பாலுக்கு எழுதச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். உள்ளே துணியை நகர்த்திப் பார்த்தேன். புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். என்னையறியாமல் ஒரு சத்தம் வந்துவிட்டது.

நிஷா எழுந்து வந்தாள். கேட்கவில்லை, கொள்ளவில்லை, என் மேல் கிடந்த துண்டை விலக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"இத வச்சுக்கிட்டா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு இருந்தீங்க?"

சுகன்யாவைக் கூப்பிட வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அவள் என்னிடம் படித்த பிள்ளை, எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றேன்.

"அந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு இருவது பேருக்குப் பாக்குது. உங்களுதுல என்னக்கா எழுதி ஒட்டியிருக்கு?"

போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சுகன்யா திரையை இழுத்து மூடினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். உடனே பார்க்கவில்லை. "நா பாக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான் தலையை அசைத்த பிறகுதான் துணியைத் தொட்டாள். ஒட்டியிருந்த இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு, ஊற வைத்து, நோகாமல் எடுத்தாள்.

பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்த வயதில் எனக்கு அந்தப் பக்குவம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

"வலி பத்துக்கு எவ்ளோ டீச்சர்?"

"ஒரு... ரெண்டு இருக்கும்மா."

"டீச்சர், நாங்க பிட் அடிச்சா எங்க மொகத்த பாத்தே கண்டுபுடிப்பீங்க. எனக்கும் மொகம் தெரியும். எவ்ளோ?"

"ஒம்போது" என்றேன். சொன்னதுமே அழுகை வந்துவிட்டது. எட்டு நாளில் அப்போதுதான் அந்த வலிக்கு ஓர் அளவு கிடைத்தது என்று தோன்றியது. என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள் சுகன்யா. கல்யாணமே ஆகாத பெண்.

ரத்தம் வந்த பாலைக் கொட்டியதைச் சொன்னேன். "அது குடுத்திருக்கலாமே டீச்சர். புண்ணுல இருந்து லேசா ரத்தம் கலந்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. எங்களக் கேட்ருக்கலாம்ல" என்றாள். திட்டுவது மாதிரி இல்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். மார்பில் கிருமித் தொற்று, மாத்திரை எழுதினார். பால் கொடுக்கிறவர்கள் சாப்பிடக்கூடிய மாத்திரைதான், பால் எடுப்பதை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால்தான் இன்னும் கட்டிக்கொள்ளும் என்றார். பவுடர் பாலைப் பற்றி நான் கேட்டேன். அதுவும் ஒரு வழிதான், தேவைப்பட்டால் தயங்காமல் கொடுக்கலாம், முதலில் இரண்டு நாள் முயற்சி பண்ணிப் பார்ப்போமா என்றார். "பண்ணித்தான் ஆகணும்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் ஒருவேளை மாட்டேன் என்றிருப்பேன். "பார்ப்போமா" என்று கேட்டதால் சரி என்றேன்.

அதற்கப்புறம் சுகன்யா என் பம்பை வாங்கிப் பார்த்தாள். புனலை மார்பில் வைத்துப் பார்த்தாள். சின்ன ஸ்கேல் ஒன்றை எடுத்துக் காம்பின் அகலத்தை அளந்தாள். புனலின் குழாய் எனக்குப் பெரிய சைஸ். அதனால்தான் சுற்றியிருக்கிற தோலையும் சேர்த்து உள்ளே இழுத்து, உரசிக் கிழித்திருக்கிறது. செருப்புக்குச் சைஸ் பார்க்கிறோம், வளையலுக்குச் சைஸ் பார்க்கிறோம். இதற்குச் சைஸ் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அட்டைப் பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்ததாம். யார் படித்தார்கள்?

சாயங்காலம் நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரத்தில் என் கணவர் செல்வராசு வந்தார். குன்னத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறவர். போர்வெல் மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதும்தான் அவர் வேலை. அதிகம் பேச மாட்டார். நடந்ததை முழுக்கச் சொன்னேன், ஒன்பதாம் நம்பர் வேகம் உட்பட. பம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, போர்ல ஊறுற தண்ணி ஒரு அளவு. அதுக்கு மேல பெரிய மோட்டார மாட்டி இழுத்தா சேறுதான் வரும். கொஞ்சம் வுட்டு வுட்டு ஓட்டணும். ஊற டைம் குடுக்கணும்ல" என்றார்.

சுகன்யா நர்ஸிங் படித்துச் சொன்னதும் இதுதான். பதினான்கு வருஷம் பாடம் எடுத்தவளுக்குத்தான் தோன்றவில்லை. மறுநாள் காலையில் கடையை மூடிவிட்டுத் திருச்சிக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, சின்ன சைஸ் புனலை வாங்கி வந்தார். கடையில் எப்படிக் கேட்டீர்கள் என்றேன். "சுகன்யா எழுதிக் குடுத்த சீட்ட நீட்டுனேன். அப்பறம் வாயாலயே சொல்லிக் கேட்டேன், அதுல என்ன" என்றார். எனக்கு அவரைப் புதிதாகப் பார்ப்பது போல இருந்தது.

அதற்குள் இரண்டு நாளைக்குப் பம்பையே தொடக் கூடாது என்று சுகன்யா சொல்லிவிட்டாள். முதல் நாள் வகுப்பில் நான் தலையாட்டிவிட்டு வந்த பாடத்தை மறுபடி எடுத்தாள். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் காம்பைத் தொடாமல், அதைச் சுற்றியிருக்கிற கருவட்டத்துக்கு ஓரமாக. முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்த வேண்டும். அப்புறம் இரண்டு விரலையும் மெதுவாகச் சேர்க்க வேண்டும். தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது. வலி குறைவாக இருக்கிற பக்கத்தில் ஆரம்பித்தால், பால் இறங்கத் தொடங்கிய பிறகு புண் பக்கம் அவ்வளவு சிரமப்படாது.

மூன்று நான்கு நிமிஷம் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மெல்லிய கம்பி மாதிரி பீய்ச்சி அடித்தது. வலி இருந்தது. ஆனால் கட்டில் கம்பியைப் பிடிக்கத் தேவைப்படவில்லை.

சோப்பை நிறுத்தினேன், வெறும் தண்ணீர் போதும் என்றாள். எடுத்து முடித்ததும் கடைசிச் சொட்டுப் பாலையே காம்பில் தடவி, திரையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காற்றாட விட்டேன். வீங்கியிருந்த இடத்துக்கு ஈரத்துணியைக் குளிரக் குளிர வைத்தாள். கட்டியைப் போட்டுப் பிசைந்து கரைக்கப் பார்க்க வேண்டாம், அது இன்னும் கெடுதல் என்றாள். நான் ஏற்கெனவே அதையும் செய்திருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையுமா சொல்ல முடியும்?

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கல்லு மாதிரி இருந்தது இளகியது. புதுப் புனல் வந்த பிறகு பம்பையும் தொட்டேன் - இரண்டாம் நம்பர் வேகத்தில், நடுநடுவே நிறுத்தி. ஒன்பதில் வந்ததைவிட இரண்டில் அதிகமாக வந்தது. இதை மட்டும் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

பதினான்காம் நாள், குழந்தையை மார்பில் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் அவளுக்குக் குழாயை எடுத்துவிட்டு, பாலாடையில் - மூக்கு நீண்ட சின்னக் கிண்ணத்தில் - புகட்ட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினேன். வாயை வைத்தாள். கவ்வினாள். எனக்கு உயிர் போய் வந்தது. காம்பு நுனியை மட்டும் பிடித்திருந்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை முதன்முதலாகக் குடிக்கிறது, எப்படி எடுப்பது? சுகன்யா என் முகத்தைப் பார்த்தாள். "வலிச்சா எடுத்துருங்க டீச்சர். பொறுத்துக்கிட்டா பாப்பாவுக்கும் பால் சரியா வராது" என்றாள். அப்படியே பிடித்து இழுக்கக் கூடாதாம். பிள்ளையின் வாயோரத்தில் சுண்டு விரலை நுழைத்தால் பிடி தானாக விட்டுவிடும். விட்டது.

மறுபடி. வாயை நன்றாகத் திறக்கும் வரை காத்திருந்து, தாடை முதலில் மார்பில் படுகிற மாதிரி. சரியில்லை. மறுபடி விரல். மறுபடி. நான்காவது தடவை அவள் ஒரு பெரிய கொட்டாவி மாதிரி வாயைத் திறந்தாள். சுகன்யா அவள் முதுகைப் பிடித்துச் சட்டென்று என் பக்கம் சேர்த்தாள். கீழ் உதடு வெளியே மடிந்திருந்தது. கருவட்டமும் பாதிக்கு மேல் வாய்க்குள் போயிருந்தது.

இழுப்பு தெரிந்தது. வலி... தேடிப் பார்த்தேன். ஒரு சின்ன எரிச்சல். அவ்வளவுதான். அவள் தொண்டையில் மடக் என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு மடக். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிஷா கேட்டாள்: "குடிக்குதாக்கா?"

நான் பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடிக்குது என்று சுகன்யாதான் சொன்னாள்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. வலது பக்கத்துப் புண் முழுக்க ஆற இன்னும் பத்து நாள் ஆனது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு தடவை பால் கட்டியது. ஆனால் இந்தத் தடவை அன்றைக்கே சுகன்யாவுக்குப் போன் போட்டேன், பத்துக்கு ஆறு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சில நாள் காலையில் பம்ப், சில நாள் பாலாடை, பல நேரம் நேரடியாக. இப்போது இரண்டு கிலோ அறுநூறு இருக்கிறாள். குடித்து முடித்ததும் உதட்டோரம் வழிகிற பாலோடு ஒரு மாதிரி சலிப்பாக என்னைப் பார்க்கிறாள். இவ்வளவு லேட்டாகவா என்கிற மாதிரி.

இத்தனை நாளாக ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பல் வலித்தால் போய் டாக்டரைப் பார் என்கிறார்கள். முதுகு வலித்தால் தைலம் தேய்த்துவிடுகிறார்கள். இந்த வலிக்கு மட்டும், அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும், தாய் என்றால் சும்மாவா என்கிறார்கள். கொஞ்சம் எரிச்சல் முதல் சில நாள் இருக்கலாம். ஆனால் தோல் வெடிக்கிற அளவுக்கு வலி என்றால் ஏதோ ஒன்று சரியாக அமையவில்லை என்று அர்த்தம். பிடிக்கிற விதமோ, மெஷின் சைஸோ... பெரும்பாலும் சரிசெய்யக் கூடிய ஒன்று. பல்லைக் கடிப்பது அதற்கு வைத்தியம் இல்லை. பல்தான் தேயும்.

பிள்ளையைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். நாத்தனார் அரியலூரிலிருந்து வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி - பால் இருக்கா? இருக்கிறது என்றதும் திருப்தியாகக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், குறை சொல்லவில்லை. நானும் எத்தனை வீட்டில் போய் அதையே கேட்டிருக்கிறேன்.

இனி நீங்கள் எந்தப் பச்சை உடம்புக்காரியைப் பார்க்கப் போனாலும், "வலிக்குதாம்மா?" என்று கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வாள்... இன்னொரு தரம் கேளுங்கள்.